கடைக்கு வராத பூ: கேள்வி – பதில்

போன இதழில் ஒரு வாசகி, ‘பூஜைக்கு எந்தப் பூ உசத்தி?’ என்று கேட்டிருந்தார். ‘உங்கள் வாசலில் நிற்கும் செம்பருத்தி’ என்று ஒரே வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவினேன். நீங்கள் விடவில்லை. வந்த கடிதங்களில் முக்கால்வாசி செம்பருத்தி. ஆகவே இந்த முறை கடை முழுக்க ஒரே சரக்கு.

கும்பகோணம் வாசகி: மல்லி, முல்லை, கனகாம்பரம், சாமந்தி, மரிக்கொழுந்து வரை பூக்காரம்மா கூடையில் இருக்கிறது. செம்பருத்தி மட்டும் ஏன் இல்லை?

பூக்காரம்மாவுக்குக் கணக்குத் தெரியும், அதனால்தான். மல்லிகையை மொட்டாகப் பறித்தால் சாயங்காலம் வரை வாய் திறக்காது. அதற்குள் மதுரையிலிருந்து விமானமே ஏறிவிடும். செம்பருத்தி காலையில் விரிந்து அந்தியில் சுருட்டிக்கொள்ளும் ஜாதி. இதழோ ஈரத்தாள். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கசங்கிச் சாறு விடும். கஷ்டப்பட்டுத் தொடுத்தாலும் முழத்துக்கு நாலு பூ. முழம் போட்டுப் பிழைக்கிறவர் இதை எப்படித் தொடுவார்?

ஆனால் ஒரு பெருந்தன்மை உண்டு இந்தப் பூவுக்கு. பறித்துத் தட்டில் வைத்தால் தண்ணீர் கேட்காது. செடியில் இருந்திருந்தால் எவ்வளவு நேரம் மலர்ந்திருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு நேரம் சாமி படத்தின் மேலும் மலர்ந்தே இருக்கும். கொல்லையிலிருந்து பூஜை அறைக்கு இருபது அடி. அந்த இருபது அடிப் பயணத்துக்கென்றே பிறந்த பூ.

கொல்கத்தா வாசகர்: செம்பருத்தியை ‘வாசல் பூ’ என்று சுருக்கிவிட்டீர்களே! இங்கே ஹவுரா பாலத்தடியில் மூட்டை மூட்டையாக விற்கிறார்கள். வந்து பாருங்கள்.

பார்க்காமலே சரணடைகிறேன். உங்கள் ஊரில் அதன் பெயர் ஜபா, வங்காளி உச்சரிப்பில் ஜொபா. காளிக்கு அது இல்லாமல் பூஜை என்பது, பிள்ளையாருக்கு அருகம்புல் இல்லாத சதுர்த்தி மாதிரி. காளிகாட்டிலும் தட்சிணேஸ்வரத்திலும் தினம் தினம் குவிகிற சிவப்புக்குக் கொல்லைச் செடிகள் கட்டுப்படியாகுமா? பூர்வ மேதினிபூர் மாவட்டத்தில் வயலில் பயிராகவே வைக்கிறார்கள். நம்மூர்ப் பூக்காரம்மாவை மிரட்டிய அந்த ஒருநாள் ஆயுளை அவர்கள் ஒரு சின்ன தந்திரத்தால் வென்றார்கள்: பூவைப் பறிப்பதில்லை, முதல் நாளே மொட்டைப் பறிக்கிறார்கள். நீங்கள் சொன்ன ஹவுரா பாலத்தடி மல்லிக் காட் சந்தையில் மொட்டாகவே எண்ணி, மொட்டாகவே கோத்து, 108 மாலையாகக் காளியின் கழுத்துக்குப் போகிறது. அவள் மார்பில்தான் விரிகிறது. நாம் தீபாவளிப் பலகாரத்தை முடித்துவிட்டுப் படுக்கப் போகிற அமாவாசை ராத்திரி அங்கே காளி பூஜை. அன்றைக்கு அந்தப் பூவின் விலையைக் கேட்டால் மல்லிகை வெட்கப்படும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வங்கத்தில் காளி பாட்டு எழுதியவர்களில் பெரிய பெயர் காஜி நஸ்ருல் இஸ்லாம். பிறப்பால் முஸ்லிம். அவர் எழுதிய ஒரு பாட்டு முழுக்க ஜபா பூவிடம் பேசுவதுதான். காளி கோவில் பக்கம் ஒலிபெருக்கியில் இன்றும் கேட்கலாம்.

சேலம் வாசகர்: எங்கள் சிவப்புச் செம்பருத்தியில் ஒரே ஒரு கிளை மட்டும் வெளிறிய நிறத்தில் பூக்கிறது. தெய்வக் குற்றம் ஏதாவதா?

குற்றம் இல்லை, ஒரு பழைய வழக்கின் தீர்ப்பு. ராணி ராசமணி எழுப்பி 1855-இல் குடமுழுக்கு கண்டது தட்சிணேஸ்வரம் காளி கோவில். ராணியின் மருமகன் மதுர்பாபு, ராமகிருஷ்ண பரமஹம்சரிடம் ஒருநாள் வாதாடினார்: கடவுளே ஆனாலும் தான் போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்தான், சிவப்புப் பூச்செடியில் வெள்ளைப் பூவை அவரால்கூட வரவழைக்க முடியாது. மறுநாள் பரமஹம்சர் தோட்டத்துப் பக்கம் போனார். ஒரு செம்பருத்தியின் ஒரே கொம்பில் இரண்டு கிளை, ஒன்றில் சிவப்பு, மற்றதில் வெள்ளை. ஒடித்துக் கொண்டுவந்து மதுர்பாபு முன் போட்டார். மதுர்பாபு தோல்வியை ஒப்புக்கொண்டார்.

தாவரவியல்காரர்கள் இதற்கு வேறு விளக்கம் வைத்திருக்கிறார்கள். மொட்டு அரும்பும் இடத்தில் மரபணுவில் ஒரு பிசகு நேர்ந்தால், அங்கிருந்து கிளம்பும் கிளை வேறு நிறத்தில் பூக்கும். செம்பருத்தியில் இது நடப்பதுதான். நீங்கள் எந்தக் கட்சியாகவும் இருங்கள். கிளையை மட்டும் வெட்டி எறியாதீர்கள். தனியாக நட்டு வையுங்கள், புது நிறச் செடி ஒன்று இலவசம்.

மயிலாடுதுறை வாசகி: முகர்ந்து பார்த்த பூவைச் சாமிக்கு வைக்கலாமா?

திருவாரூர்ப் பக்கம் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு கேளுங்கள். கழற்சிங்கர் என்ற பல்லவ அரசரின் பட்டத்தரசி, கோவில் பூமண்டபத்தின் பக்கம் கிடந்த ஒரு பூவை எடுத்து முகர்ந்தாள். செருத்துணையார் என்ற அடியார் ஓடிவந்து அவள் மூக்கை அறுத்தார். அலறல் கேட்டு வந்த அரசர், ‘பூவை எடுத்தது கையல்லவா, தண்டனை அதற்கல்லவா முதலில்?’ என்று கையையும் வெட்டினார். இருவருமே நாயன்மார்கள் வரிசையில் இருக்கிறார்கள். அரசியை எந்த வரிசையிலும் காணோம்.

இதே தமிழ்நாட்டில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண் சாமிக்குக் கட்டிய மாலையைத் தானே சூடி, கண்ணாடி பார்த்துவிட்டு அனுப்பினாள். அவள் ஆண்டாள் ஆனாள். அவள் சூடிய மாலை இன்றைக்கும் புரட்டாசியில் திருப்பதிக்கும், சித்திரையில் மதுரைக்கு வரும் அழகருக்கும் போகிறது. எந்த ஊர்ச் சட்டம் உங்களுக்குச் செல்லும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். நான் செம்பருத்திக் கட்சி. அதில் வாசனையே கிடையாது, மூக்கு பத்திரம்.

திருச்சி வாசகர்: அதுதான் என் குறையும். இவ்வளவு அழகைக் கொடுத்த கடவுள், கொஞ்சம் வாசனையும் கொடுத்திருக்கக் கூடாதா?

வாசனை என்பது விளம்பரச் செலவு. இருட்டில் பறக்கும் விட்டில் பூச்சிக்கு வழி சொல்ல மல்லிகைக்கு அது வேண்டும். செம்பருத்தியின் வாடிக்கையாளர் தேன்சிட்டு. பகலில் வருவார், சிவப்பு கண்ணில் பட்டால் போதும், மோப்பம் பிடிக்கிற பழக்கம் பெரிதாக இல்லை. தேவையில்லாத இடத்தில் செலவு செய்யாத குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீரங்கம் வாசகர்: நவக்கிரக சுலோகத்தில் சூரியனை ‘ஜபாகுஸுமம்’ என்கிறார்களே, அது எந்த ஊர்ப் பூ? எங்கே கிடைக்கும்?

உங்கள் வீட்டுக் குழாயடியில். ஜபாகுஸுமம் என்றால் செம்பருத்திதான். நாற்பது வருஷமாகத் தினம் காலையில் அந்தச் சுலோகத்தைச் சொல்லிக்கொண்டே, அந்தச் செடிக்கே தண்ணீரும் ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். லலிதா சகஸ்ரநாமத்தின் தியான சுலோகத்திலும் அம்பாளின் ஒளிக்கு இதே பூதான் உவமை.

இன்னும் ஒருபடி மேலே போனால், வேதாந்த வகுப்பிலேயே இந்தப் பூ நிரந்தர ஊழியம் பார்க்கிறது. நிறமில்லாத ஸ்படிகம் ஒன்றை எடுத்துக்கொள். பக்கத்தில் ஒரு செம்பருத்தியை வை. ஸ்படிகம் சிவந்துவிட்டது. பூவை எடு. பழையபடி வெள்ளை. எப்போதாவது அது சிவந்ததா? ஆத்மாவின் கதையும் இதுதான். துக்கமும் கோபமும் பக்கத்தில் இருக்கும் மனசினுடையவை, அதனுடையவை அல்ல என்பார்கள். அத்வைதிகளும் சாங்கியர்களும் எத்தனையோ விஷயத்தில் சண்டை போட்டார்கள். உதாரணத்துக்கு மட்டும் இரண்டு கட்சியும் ஒரே செடியில்தான் பூப் பறித்தன. செம்பருத்தி இந்தப் பாடத்தில் கெட்ட பாத்திரம் என்பதைக் கவனித்தீர்களா? மயக்குகிறவள் அவள்தான். பாவம், பக்கத்தில் சும்மா இருந்தாள்.

வேலூர் வாசகி: மாமியார் விடிகாலை நாலரைக்கே எழுப்பி, பூப் பறிக்க அனுப்புகிறார். அப்படி ஏதாவது விதி இருக்கிறதா?

விதி இருக்கிறதோ இல்லையோ, முன்னோடி ஒருவர் இருக்கிறார். வியாக்கிரபாதர். வண்டு வாய் வைப்பதற்கு முன் இருட்டோடு பூப்பறிக்க வேண்டும், பனியில் மரம் வழுக்கக் கூடாது என்று சிவனிடம் வரம் வாங்கிப் புலிக்கால் பெற்றார். அவர் பூப்பறித்த தில்லைக்குப் புலியூர் என்றே பெயர் வந்துவிட்டது. ஆனால் செம்பருத்தி அந்த நேரத்தில் குடையை மடக்கி வைத்த மாதிரி தூங்கிக்கொண்டிருக்கும். வெளிச்சம் வந்த பிறகுதான் முழுசாக விரியும். மாமியாரிடம் ‘அம்மா, பூவே இன்னும் எழுந்திருக்கவில்லை’ என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள். புலிக்கால் தேவைப்பட்டால் ஓடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை, மேற்கு மாம்பலம் வாசகர்: நடைப்பயிற்சி என்ற பெயரில் ஒரு பெரியவர் தினமும் கையில் துரட்டியோடு வந்து, காம்பவுண்டுக்கு வெளியே நீளும் என் செம்பருத்தியை மொட்டையடிக்கிறார். கேட்டால் ‘சாமிக்குத்தானே’ என்கிறார். புண்ணியம் யாருக்கு?

பெரியவருக்கு உடற்பயிற்சி, சாமிக்குப் பூ, உங்களுக்கு ரத்த அழுத்தம். பங்கீடு சரியாகத்தான் நடந்திருக்கிறது.

கரூரில் சிவகாமியாண்டார் என்பவர் பூக்கூடையோடு கோவிலுக்குப் போகும்போது பட்டத்து யானை அதைப் பறித்துச் சிதறடித்தது. எறிபத்த நாயனார் மழுவை எடுத்து யானையையும் கூட வந்த பாகர்களையும் வெட்டிச் சாய்த்தார். இந்த முன்னுதாரணத்தை நீங்கள் பின்பற்ற வேண்டாம்; மாம்பலத்தில் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. அடுத்தவன் பூவில் செய்த பூஜைக்குப் பலன் பூச்செடிக்காரனுக்கே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. திருட்டைத் தடுக்கச் சொன்னதா, திருட்டுக் கொடுத்தவனைச் சமாதானப்படுத்தச் சொன்னதா தெரியாது. நல்ல தீர்வு ஒன்று என்னிடம் உண்டு. செடி வளர்ப்பு பற்றிய கேள்வி ஒன்று கீழே வருகிறது, அங்கே சொல்கிறேன்.

யாழ்ப்பாணம் வாசகி: நாங்கள் செவ்வரத்தை எண்டுதான் சொல்லுவம். நீங்கள் ஏன் பருத்தியாக்கினீர்கள்?

நீங்கள்தான் சரி. பழைய பெயர் செம்பரத்தை. நம் சித்த வைத்தியர்களும் அப்படித்தான் எழுதினார்கள். மலையாளிகள் செம்பரத்தி என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். நாங்கள் ஓர் உகரத்தைச் செருகி, சிவப்புப் பூப் பூக்கும் பருத்திக்கு இருந்த பெயரை இதற்கும் மாட்டிவிட்டோம். இதில் ஒரு வேடிக்கை: தப்பாகச் சொன்ன பெயர் உறவுமுறைக்குச் சரியாகப் போய்விட்டது. பருத்தி, வெண்டை, பூவரசு, புளிச்சக்கீரை, செம்பருத்தி எல்லாம் தாவரவியலில் ஒரே குடும்பம். வெண்டைப் பூவையும் செம்பருத்தியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஜாடை சொல்லிவிடும்.

பாலக்காடு வாசகர்: எங்கள் ஊரில் செம்பரத்திப் பூவைக் காதில் வைத்தால் என்ன அர்த்தம் தெரியுமா?

தெரியும். ‘ஆள் கழன்ற கேஸ்’ என்று அர்த்தம். மலையாள சினிமாக்காரர்கள் ஒரு காதையும் விடவில்லை. பக்கத்து மாநிலத்தில் அம்மன் பாதத்துக்குப் போகிற பூ, எல்லை தாண்டினால் பைத்தியக்காரன் காதுக்குப் போகிறது. பூவைப் பொறுத்தவரை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் சிரிக்கிறது.

கிள்ளான் வாசகி, மலேசியா: இது எங்கள் தேசிய மலர். பறித்துச் சாமிக்கு வைத்தால் ஏதும் பிரச்சினை வருமா?

வராது, தாராளமாக வையுங்கள். ‘புங்கா ராயா’ என்று பெயர் சொல்லி 1960-இல் தேசிய மலராக்கினார்கள். பிறகு 1970-இல் வந்த ‘ருக்குன் நெகாரா’ என்ற தேசியப் பிரகடனத்தின் ஐந்து கோட்பாடுகளுக்கு அதன் ஐந்து இதழ்களைக் கணக்குக் காட்டினார்கள். ரிங்கிட் தாளிலும் அதே பூ. ஆகவே நீங்கள் பத்துமலை உண்டியலில் பணம் போட்டாலும் முருகனுக்குச் செம்பருத்திதான் சாத்துகிறீர்கள்.

கோவை வாசகர்: இங்கிலீஷ்காரன் இதை ‘ஷூ பிளவர்’ என்றானாமே, என்ன திமிர்?

திமிர் இல்லை, சிக்கனம். இதழைக் கசக்கிக் கறுப்புச் சப்பாத்தில் தேய்த்தால் பளபளப்பு ஏறும். பாலிஷ் டப்பா கிடைக்காத ஊரில் துரைகளின் வேலையாட்கள் கண்ட வழி. சிங்களத்தில் இன்றும் இதைச் சப்பாத்து மலர் என்ற பொருளில்தான் கூப்பிடுகிறார்கள். அம்மனுக்கு வைத்தாலும் துரைக்குத் தேய்த்தாலும் பூவுக்குப் பாதசேவைதான்.

திண்டுக்கல் வாசகர்: வாஸ்துப்படி செம்பருத்தியை எந்தத் திசையில் வைக்க வேண்டும்?

வெயில் வரும் திசையில். தினம் ஐந்தாறு மணி நேரம் நல்ல வெயில் விழாவிட்டால், ஈசானியத்தில் வைத்தாலும் இலைதான் கிடைக்கும்.

விருதுநகர் வாசகி: தாழம்பூ சிவனுக்கு ஆகாது, துளசி பிள்ளையாருக்கு ஆகாது... செம்பருத்தி யாருக்கு ஆகாது?

பெரிய தடைப் பட்டியலில் செம்பருத்தி இல்லை. விஷ்ணுவுக்கு அட்சதை, பிள்ளையாருக்குத் துளசி, துர்க்கைக்கு அருகம்புல், சிவனுக்குத் தாழம்பூ என்று நான்கைத்தான் எல்லோரும் சொல்வார்கள். தாழம்பூ விழுந்தது பொய்ச்சாட்சியால்: முடியைப் பார்த்துவிட்டேன் என்று பிரம்மா சொன்ன பொய்க்குக் கூட நின்றது. ஆனால் உத்தரகோசமங்கையில் சிவனே அந்தத் தாழம்பூவை ஏற்றுக்கொள்கிறார். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு மன்னிக்கும் குணம் அதிகமோ என்னவோ. செம்பருத்தியைப் பொறுத்தவரை சிவப்பு என்றால் அம்மன், சூரியன், பிள்ளையார். மகாராஷ்டிரத்தில் அதற்கு ‘ஜாஸ்வந்த்’ என்று பெயர், கணபதிக்கு அதுதான் முதல் பூ. நம் பிள்ளையார் எருக்கம்பூவுக்கே சம்மதித்துவிட்டதால் நாம் மேற்கொண்டு முயற்சி செய்யவில்லை.

நாகர்கோவில் வாசகி: பவழமல்லியைத் தரையிலிருந்து பொறுக்கிச் சாமிக்கு வைக்கிறோம். கீழே விழுந்த செம்பருத்தியை வைக்கக் கூடாதா?

பவழமல்லி மலர்ந்த கையோடு விழும், புதுப் பூ. அதனால் அதற்குச் சலுகை. செம்பருத்தி சுருண்டு, கடமை முடித்து, மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் விழும். ஓய்வு பெற்றவரை மறுபடி வேலைக்குக் கூப்பிடாதீர்கள், உரக்குழிக்கு அனுப்புங்கள். சாத்திய பூவும் அங்கேயே போகலாம், ஆறு குளத்துக்கு வேண்டாம்.

மதுரை வாசகர்: மொட்டைப் பறித்து வைக்கலாமா?

செண்பகமும் தாமரையும் தவிர மற்ற மொட்டு கூடாது என்று சாஸ்திரம் பார்ப்பவர்கள் சொல்வார்கள். கொல்கத்தா வாசகர் காதில் போட்டுவிடாதீர்கள். காளியே ஒன்றும் சொல்லாதபோது நாம் எதற்கு?

புதுக்கோட்டை, ஏழாம் வகுப்பு மாணவி: செம்பருத்தியை வைத்து அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்யலாம்?

நாலு சிவப்புப் பூவின் இதழைச் சூடான தண்ணீரில் பத்து நிமிஷம் போடு. வடிகட்டு. இரண்டு தம்ளரில் ஊற்று. ஒன்றில் எலுமிச்சைச் சாறு விட்டால் பளிச்சென்று சிவக்கும். இன்னொன்றில் சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சையாகும். அமிலமா காரமா என்று பூ சொல்லிவிட்டது. கண்காட்சி முடிந்ததும் பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டு. அபிஷேகத் தட்டில் எலுமிச்சம்பழம் வெட்டிய இடத்தில் பூவின் சாயம் மட்டும் ஏன் மாறியது என்று அவர் பல வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கலாம்.

ஈரோடு வாசகர்: செம்பருத்தி டீ குடித்தால் பிபி மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார்களே?

மாத்திரையை டாக்டர் நிறுத்தட்டும். இன்னொரு சங்கதி: கடையில் பொட்டலம் போட்டு வரும் அந்தப் புளிப்பு ‘செம்பருத்தி டீ’ பெரும்பாலும் நம் வாசல் செம்பருத்தி அல்ல. அதன் பங்காளியான, சதைப்பற்றுள்ள சிவப்புப் புல்லிவட்டம் கொண்ட புளிச்சை வகை. வீட்டுப் பூவில் சர்பத் போட்டால் நிறம் வரும். புளிப்புக்கு நீங்கள்தான் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும்.

தர்மபுரி வாசகர்: செம்பருத்தி இலை தேய்த்தால் முடி வளருமா? எனக்கு நெற்றி எங்கே முடிகிறது, தலை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

இலையைக் கசக்கினால் வரும் கொழகொழப்பு வெண்டைக்காய்க் குடும்பச் சொத்து. அது இருக்கிற முடியை மிருதுவாக்கும், அழுக்கெடுக்கும். இல்லாத முடிக்கு அது என்ன செய்யும்? நெற்றியை மிருதுவாக்கும்.

காரைக்குடி வாசகி: மொட்டு வருகிறது, பூப்பதற்குள் உதிர்ந்துவிடுகிறது. வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒரு பூச்சியும் அப்பிக்கொண்டிருக்கிறது. திருஷ்டியா?

மாவுப்பூச்சி. திருஷ்டி சுற்றிப் போடும் முன் எறும்பு ஊர்கிறதா பாருங்கள். மாவுப்பூச்சி விடும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அதற்குக் காவல் காக்கும், மாடு வைத்துப் பால் கறக்கிற மாதிரி. குழாயைப் பிடித்து அழுத்தமாகத் தண்ணீர் அடியுங்கள். அப்பிய நுனிகளை வெட்டித் தூர எறியுங்கள். பிறகு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலத்தில் வாரம் ஒருமுறை. பூஜைக்குப் பறிக்கும் செடியில் கடை விஷத்தைத் தெளிக்க வேண்டாம். தேன்சிட்டுக்கும் ஆகாது, தட்டில் வைத்த பூவைக் குழந்தை வாயில் வைத்தாலும் ஆகாது. ஒருநாள் வெள்ளமும் மறுநாள் பட்டினியும் போட்டாலும் மொட்டு உதிரும். வெட்டப் பயப்படாதீர்கள். புதுத் தளிரில்தான் பூ வரும், வெட்டினால்தான் தளிர் வரும்.

தென்காசி வாசகர்: என் செடிக்கு இருபது வயது. ஆயிரக்கணக்கில் பூத்துவிட்டது. ஒரு காய்கூடக் காய்க்கவில்லையே, ஏன்?

காய்க்காது. நம் வாசலில் நிற்கும் சிவப்புச் செம்பருத்தியில் விதை கட்டுவது அபூர்வத்திலும் அபூர்வம். தேன்சிட்டு வந்து தேன் குடித்துவிட்டுப் போகும்; மகரந்தம் ஒட்டிக்கொண்டும் போகும்; பலன் பூஜ்யம். 1753-இல் இதற்கு ‘சீன ரோஜா’ என்ற பொருளில் பெயர் சூட்டினார் லின்னேயஸ். ஆனால் சீனக் காடுகளிலும் சரி, வேறெங்கும் சரி, தானாக முளைத்து வளர்ந்த ஆதிச் செம்பருத்தியை யாரும் கண்டுபிடித்ததில்லை. கலப்பில் பிறந்து, தோட்டத்திலேயே வளர்ந்து, தோட்டத்தை விட்டு வெளியே போகத் தெரியாத செடி.

அப்படியென்றால் தென்காசி வரைக்கும் எப்படி வந்தது? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காற்று விதைக்கவில்லை, பறவை எச்சமிடவில்லை. யாரோ ஒருவர் ஒரு குச்சியை ஒடித்து இன்னொருவரிடம் கொடுத்தார். அவர் நட்டார். அதிலிருந்து ஒடித்து மகளுக்குப் புகுந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். கப்பலேறியவர்கள் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோனார்கள். காளி கோவில் செடியும், பினாங்கு வீட்டுச் செடியும், உங்கள் குழாயடிச் செடியும் ஏதோ ஒரு காலத்தில் யாரோ கேட்டு, யாரோ கொடுத்தவை. சங்கிலியில் ஓரிடத்தில் ஒரு மகராசி ‘தர மாட்டேன்’ என்று சொல்லியிருந்தால் உங்கள் வீட்டில் பூ இல்லை.

இப்போது மாம்பலத்துக்காரர் கவனிக்கவும். மழைக்காலம் தொடங்கட்டும். பென்சில் கனத்தில், அரை அடி நீளத்தில், முற்றியும் முற்றாததுமாக ஒரு கொம்பு. அடியில் சாய்வாக ஒரு வெட்டு, மேலே இரண்டு இலை போதும். மணல் கலந்த மண்ணில் பாதி புதையும்படி நட்டு நிழலில் வைத்தால் ஒன்றிரண்டு மாதத்தில் வேர் பிடிக்கும். தொட்டியோடு அந்தத் துரட்டிப் பெரியவர் கையில் கொடுங்கள். முகவரியைக் கேட்டு வைத்துக்கொள்வதும் நல்லது. அவர் செடி பெரிதாகிக் காம்பவுண்டுக்கு வெளியே நீளும்போது உங்களுக்கு நடைப்பயிற்சி தேவைப்படலாம்.

பெங்களூரு வாசகி: நாலாவது மாடி பால்கனி. ஒரு தொட்டி. தினம் ஒரே ஒரு பூ. சாமி படமோ ஐந்து. இதழைப் பிரித்து ஆளுக்கு ஒன்று வைக்கலாமா?

ஐந்து இதழ், ஐந்து சாமி. கணக்கு அழகாகத்தான் வருகிறது, ஆனால் பூவைப் பிய்க்க வேண்டாம். முறை வையுங்கள். ஞாயிறு சூரியனுக்கு. செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு. அவளிடம் யாரும் பங்கு கேட்க மாட்டார்கள். சதுர்த்தியன்று பிள்ளையாருக்கு. மீதி நாட்கள் மற்றவர்களுக்கு. மாடிக்குடியிருப்பில் வாழ வந்த சாமிகளுக்கு, தண்ணீரே முறை வைத்துத்தான் வருகிறது என்பது தெரியாதா?

நெய்வேலி வாசகர்: அடுக்குச் செம்பருத்தியைப் பூஜைக்கு வைக்கலாமா?

வைக்கலாம். மகரந்தக் கேசரங்களையே இதழாக மாற்றிக்கொண்ட பூ அது. சந்ததியை மறந்து அலங்காரத்தில் இறங்கிவிட்டது. சாமி அதையெல்லாம் பார்ப்பதில்லை.

பொள்ளாச்சி வாசகர்: ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறீர்களே, உங்கள் வீட்டில் செம்பருத்தி இருக்கிறதா?

ஒரு நர்சரியில் ‘சந்தன நிறம், அபூர்வ ரகம்’ என்று சொல்லி இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு செடி கொடுத்தார்கள். ஆறு மாதம் காத்திருந்தோம். பூத்தது, ரத்தச் சிவப்பில். போய்க் கேட்டதற்கு ‘உங்க மண்ணு அப்படி சார்’ என்றார்கள். என் மனைவி அதையே தினம் பறித்து மாரியம்மன் படத்துக்கு வைக்க ஆரம்பித்தாள். அம்மனுக்குத் தெரிந்துதான் நிறம் மாறியது என்பது அவள் கட்சி. எதிர் வீட்டு அம்மா ஒரு குச்சி கேட்டார், கொடுத்தோம். அவர்கள் வீடு மாறி உடுமலைப் பக்கம் போனபோது அதிலிருந்து ஒரு குச்சியைக் கொண்டுபோனார்கள்.

போன கோடையில் எங்கள் செடி மாவுப்பூச்சிக்குப் பலியானது. காரைக்குடி வாசகிக்கு நான் எழுதிய வைத்தியமெல்லாம் அது போன பிறகு கற்றுக்கொண்டது. நேற்று உடுமலைக்குப் போன் போட்டேன். ‘அட, அது உங்க செடிதானுங்களே, குச்சிக்கு என்னங்க கேள்வி’ என்றார் அந்த அம்மா. ஈரச் சாக்கில் சுற்றி, வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறாராம். தொட்டியில் மண் மாற்றி வைத்திருக்கிறேன்.